நோயின் முதல் நாள்



ஆடி மாதத்தில் போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் நின்று மேற்கே நோக்கினால் ஒரு விந்தையைக் காணலாம். ஊரில் வெயில் அடிக்கும். மலைமுகடு மட்டும் கருமேகத்துள் மறைந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலை தானே வாங்கிக்கொள்கிறது. கீழே இருக்கும் போடிக்குக் காற்றும் சிறு தூறலுமே மிஞ்சுகின்றன. ஆனால் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தோமானால், சாரலும் குளிரும் மூடுபனியும் நம்மை எதிர்கொள்ளும். ஊர் மழைமறைவில் இருக்கிறது. ஊரின் வாணிகமோ அம்மழையை நம்பி இருக்கிறது. ஏனெனில், அந்த ஈரமும் மரநிழலும் இல்லாமல் ஏலம் விளையாது.

ஏலமலையின் பெரும்பகுதி பண்டு திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது கேரளத்தோடு சேர்ந்தது. இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. குரங்கணி, கொட்டகுடி முதலிய இப்பக்கச் சரிவுகள் தேனி மாவட்டத்தவை. அங்கே காப்பியும் ஏலமும் பயிராகின்றன. எல்லைக்கோடு எங்கே ஓடினாலும் உழைப்பு இப்பக்கத்திலிருந்தே பெரிதும் மேலே செல்கிறது. விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்புகளில் ஏறும் பெண்களைப் போடியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் எவரும் காணலாம்.

அம்மலையில் எங்கள் குடும்பத்துக்கும் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1970க்குப் பின் ஓர் ஆடி மாதம், என் பாட்டனாருடன் அங்குத் தங்கியிருந்தேன். மழை இரண்டு வாரமாக ஓயவில்லை. களையெடுக்கச் சென்ற ஒரு மூதாட்டி, மடியில் நாலைந்து காய்களை முடிந்துகொண்டு வந்து பாட்டனார் முன் வைத்தார். பச்சை நிறம் மங்கி, வெந்நீரில் அவித்தவை போல அவை தோன்றின. "அய்யா, ஓடையோரத்துல காய் நாறுது; ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். பாட்டனார் காயை முகர்ந்து பார்த்தார். "மழை வெறிக்கட்டும் ஆத்தா, பாத்துக்கிடலாம்" என்றார்.

மழை வெறிக்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஓடையோரத்து அழுகல் மேட்டுப் பாத்திகளுக்கும் ஏறிவிட்டது. சரம் சரமாகக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. அவ்வாண்டு எங்கள் 'ஸ்டோரில்' காய் உலர்த்தும் அடுப்பு பல நாள் எரியவே இல்லை. என் பாட்டனார் சோம்பலுடையவர் அல்லர். பயிரை அறியாதவரும் அல்லர். நோயைக் காணவில்லை என்றும் சொல்வதற்கில்லை. அவர் கையிலேயே அது இருந்தது. பின் எங்கே தவறு நேர்ந்தது? இக்கேள்விதான் என்னைத் தாவரவியல் படிக்கத் தூண்டியது. இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: பயிர்நோயை முன்கூட்டிக் கண்டறியும் முயற்சியின் வரலாறு.

இவ்வரலாற்றைத் தொடங்க நாம் முதலில் அயர்லாந்துக்குச் செல்ல வேண்டும். 1845ஆம் ஆண்டு அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிர் திடீரெனக் கருகி அழுகிற்று. அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அழிவுக்குக் காரணம் என்ன? குளிர், மின்னல், தெய்வச் சினம் என்று பலர் பலவாறு கூறினர். கருகிய இலையின்மேல் மெல்லிய வெண்ணிறப் பூஞ்சாணம் படர்ந்திருந்ததைப் பலரும் கண்டனர். ஆயினும் செடி அழுகியதால் பூஞ்சாணம் வந்தது என்றே அறிஞர்களுள் பெரும்பாலோர் கருதினர். பூஞ்சாணம் வந்ததால்தான் செடி அழுகிற்று என்று 1846இல் துணிந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி 1861இல் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார்; அவ்வுயிர்க்குப் பைட்டோப்தோரா என்று 1876இல் பெயரும் சூட்டினார். கிரேக்க மொழியில் 'செடியை அழிப்பது' என்பது அதன் பொருள். இப்பெயரை நினைவில் வையுங்கள். நம் ஏலமலையில் அதனை மீண்டும் சந்திப்போம்.

இரண்டாம் நிகழ்ச்சி நமக்கு நெருங்கிய இலங்கையில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தீவின் மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டங்களாயிற்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை மாவட்டத் தமிழர் இராமேசுவரம் வரை நடந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு மீண்டும் நடந்து அத்தோட்டங்களை உருவாக்கினர். வழியிலேயே மாண்டோர் பலர். இவ்வாறு எழுந்த செல்வத்தின் நடுவே, 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில், காப்பியிலையின் அடிப்புறத்தில் மஞ்சள்கலந்த செந்நிறத் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? உருளைக்கிழங்கு நோயைப் பற்றி எழுதிய அதே பெர்க்லி பாதிரியார்தான். அதுவரை அறிவியல் அறியாத பூஞ்சாணம் அது. அவரும் புரூம் என்னும் அறிஞரும் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். பெயரின் பிற்பகுதிக்குப் 'பாழாக்குவது' என்பது பொருள்.

நோய் தோன்றிய ஆண்டிலேயே அது கண்டறியப்பட்டது, பெயரும் பெற்றது. இதனைவிட முன்கூட்டிக் காண்பது எவ்வாறு? ஆயினும் ஒன்றும் நடைபெறவில்லை. இலை உதிர்ந்த செடி மீண்டும் துளிர்த்தது; எனவே இது வந்துபோகும் நோய் என்று தோட்டக்காரர் எண்ணினர். விளைச்சல் குறைந்த அக்காலத்திலேயே உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிற்று. ஆகவே இழப்பு கணக்கில் தெரியவில்லை. புதிய காடுகள் வெட்டப்பட்டு மேலும் காப்பியே நடப்பட்டது. ஐந்து ஆண்டுக்குள் நோய் காப்பி மாவட்டங்கள் எங்கும் பரவிவிட்டது.

1880ஆம் ஆண்டு மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலார் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் இரண்டாண்டு அங்கே தங்கிச் செய்த ஆராய்ச்சியைப் பயிர்நோய்க் கண்காணிப்பின் தொடக்கம் எனலாம். பூஞ்சாணத்துக்கு விதை கிடையாது. விதையின் தொழிலைச் செய்யும் நுண்தூள் உண்டு. அதனைச் 'சிதல்' என்பர். வார்டு கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் காற்றுப்படும் இடங்களில் வைத்தார்; அவற்றில் படிந்த தூளை நுண்பெருக்கியால் நோக்கினார். நோயற்றதாகத் தோன்றும் இடத்திலும் சிதல்கள் வந்து விழுவதை இவ்வாறு கண்டார். இலைமேல் நீர்த்துளி நின்றால்தான் சிதல் முளைக்கும். முளைத்தபின் இலையின் நுண்துளை வழியே உள்ளே புகும். புகுந்து இரண்டு மூன்று வாரம் கழிந்த பின்னரே செந்நிறப் புள்ளி நம் கண்ணுக்குத் தோன்றும் என்று அவர் காட்டினார்.

நண்பர்களே, இவ்வொரு செய்தியை நீங்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு நோய் தெரியும் நாள், நோயின் முதல் நாள் அன்று. முதல் நாள் அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னரே கழிந்துவிட்டது. புள்ளி தோன்றிய இலை ஒன்றாக இருக்கலாம். அதற்குள் நோய் புகுந்துவிட்ட இலைகள் ஆயிரமாக இருக்கலாம்.

வார்டின் அறிவு காலம் கடந்து வந்தது. 1870ஐ ஒட்டி ஆண்டுக்கு 10 கோடி இராத்தலுக்கு மேல் காப்பி ஏற்றுமதி செய்த இலங்கை, 1889இல் ஏறத்தாழ 50 லட்சம் இராத்தல் அளவுக்கு வீழ்ந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. தோட்டக்காரர் சிலர் தேயிலைக்கு மாறிப் பிழைத்தனர். கூலி பாக்கியை இழந்த தொழிலாளரின் பெயர்களையோ எந்த நூலும் குறித்துவைக்கவில்லை. இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் கண்டவர்கள் அவர்கள்தாம். அவர்களிடம் கேட்டவர் மட்டும் அரியர்.

இத்தோல்வியிலிருந்து பிறந்த பாடம் இந்தியாவில் வேறொரு பயிரில் பயன்பட்டது. அவ்வரலாற்றில் நம் போடிமலைக்கு அண்டையிலுள்ள பழனிமலைக்கும் இடம் உண்டு. வட இந்தியச் சமவெளியில் ஆண்டுதோறும் கோதுமைப் பயிரைத் துருநோய் தாக்கிற்று. ஆனால் அச்சமவெளியின் கோடை வெப்பத்தில் அந்நோயின் சிதல்கள் உயிர்தரிக்க இயலாது. அப்படியானால் அடுத்த குளிர்காலத்தில் நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா இக்கேள்விக்கு விடை தேடியே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பல ஊர்களில் காற்றில் மிதக்கும் சிதல்களைப் பிடிக்கச் செய்தார். மலைகளில் கோடையிலும் வளரும் கோதுமையைத் தேடி ஆராய்ந்தார். 1940ஆம் ஆண்டு வெளிவந்த அவர் நூல் விடையைக் கூறிற்று. இமயமலையிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் துருநோய் கோடையைக் கழிக்கிறது. அங்கிருந்து காற்றேறிச் சமவெளிக்கு வருகிறது.

மேத்தா 1950இல் மறைந்தார். அவருக்குப்பின் எஸ். நாகராஜன், எல். எம். ஜோஷி முதலியோர் அவ்வழியே மேலும் சென்றனர். வங்கக்கடலில் நவம்பர் மாதத்தில் எழும் புயல், நம் தென்மலைகளின் தண்டுத்துருச் சிதல்களை மத்திய இந்தியாவுக்கு ஏந்திச் செல்லும் வழியை 1970களில் விளக்கினர். புயல் எவ்வழிச் சென்றது, அங்கே அப்போது மழை பெய்ததா என்பவற்றைக் கொண்டு, நோய் தோன்றுமுன்பே அதன் வரவைக் கணிக்க முடிந்தது. எளிதில் நோய்ப்படும் கோதுமை வகைகளைச் சிறு பாத்திகளில் வேண்டுமென்றே விதைத்து அவற்றைக் கவனித்துவரும் வழக்கமும் ஏற்பட்டது. பாத்தியில் புள்ளி தோன்றினால் வயலுக்கு எச்சரிக்கை கிட்டும். செடியைப் பார்ப்பதோடு நில்லாமல், காற்றையும் மழையையும் பார்ப்பதே கண்காணிப்பு என்பது இதனால் விளங்கும்.

இனி ஏலமலைக்குத் திரும்புவோம். என் பாட்டனார் கையில் இருந்த நோய்க்கு மலைமக்கள் 'அழுகல்' என்றே பெயர் வைத்திருந்தனர். இடுக்கிப் பகுதித் தோட்டங்களில் இதனைக் கண்டு ஆராய்ந்தோர் 1972இல் அறிவியல் இதழில் எழுதினர். காரணம் பைட்டோப்தோரா என்று அறிவித்தனர். அயர்லாந்தின் கிழங்கை அழித்த அதே குலம்! அந்நோய்க்கு நூலோர் புதுப்பெயர் தேடவில்லை. தோட்டத்தார் வழங்கிய 'அழுகல்' என்னும் சொல்லே இன்றும் உலக ஆய்வேடுகளில் அந்நோயின் பெயராக நிற்கிறது. முதலில் கண்டவர் யார் என்பதற்கு அச்சொல்லைவிட வேறு சான்று வேண்டுமோ?

இவ்வுயிரை நெடுங்காலம் பூஞ்சாணம் என்றே அறிஞர் கருதினர். மெய்ப்பூஞ்சாணத்தினின்று வேறுபட்டது, கடற்பாசி வகைகளுக்கு உறவுடையது என்பது இன்றைய முடிபு. இவ்வேறுபாடு ஏட்டளவினது மட்டும் அன்று. காப்பித்துருவின் சிதல் காற்றில் பறப்பது. அழுகலின் சிதலோ நீரில் நீந்துவது. மண்ணில் உறங்கிக் கிடக்கும் அது, தொடர்மழையால் மண் ஊறியதும் விழித்தெழுகிறது. நுண்ணிய வால்களை அசைத்து நீர்ப்படலத்தில் நீந்துகிறது. மழைத்துளி தெறிக்கும் போது மண்ணோடு எழும்பிக் காயில் ஒட்டுகிறது. ஏலச்செடியின் இயல்பும் இதற்கு இடந்தருகிறது. அதன் காய்கள் உச்சியில் காய்ப்பவை அல்ல. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் காய்ப்பவை. மலபார் வகையில் அச்சரம் தரையிலேயே படர்கிறது. காயும் மண்ணும் அடுத்தடுத்து இருக்க, நோய்க்கு நெடும்பயணம் தேவைப்படுவதில்லை.

பருவமழை தொடங்கி 15 முதல் 20 நாளுக்குள் முதல் அறிகுறி தோன்றும் என்பது ஆய்வாளர் கண்டது. இளங்காயிலோ விரியாத குருத்திலையிலோ நீர் ஊறியது போன்ற புள்ளி தோன்றும். அதைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். பின்னர்க் காய் பழுப்புப் பச்சையாகி அழுகி உதிரும். அப்போதுதான் நாற்றம் எழும். மூதாட்டி கொணர்ந்த காய்கள் நாறியதை நினைத்துப் பாருங்கள். அதற்குள் பல நாள் கடந்திருந்தன. ஆகவே அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சற்றுப் பிந்தியே சொன்னார். அதற்கு மேலும் மூன்று வாரம் பொறுத்தது எங்கள் பிழை. மழை விட்டபின் பார்க்கலாம் என்பது நம் உடலுக்குப் பொருந்தும் நியாயம்; நீரில் நீந்தும் நோய்க்கு மழைக்காலமே அறுவடைக்காலம். இந்நோயால் விளைச்சலில் 40 விழுக்காடு வரை இழப்பு நேர்ந்த தோட்டங்கள் உண்டு.

அந்நோய்க்கு மருந்து என்ன? அதன் கதையும் கூர்ந்து காண்பதன் பயனையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் போர்தோப் பகுதியில் திராட்சைத் தோட்டங்களை ஒரு நோய் வாட்டியது. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவது அவ்வூர் வழக்கம். பூசிய கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதை மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டார். 1885இல் அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். இதுவே போர்டோக் கலவை. ஏலத்தோட்டத்திலும் இன்றுவரை அது பயன்படுகிறது. ஆனால் அது காவற்காரனைப் போன்றது. திருடன் உள்ளே புகாமல் தடுக்கும், புகுந்தபின் துரத்தாது. மழைக்கு முன்பே தெளித்தால்தான் பயன் உண்டு. வைகாசியிலேயே காய்ந்த இலைகளையும் பழைய சரங்களையும் கழித்துக் கவாத்துச் செய்வதும், நிழல்மரக் கிளைகளை அளவாக வெட்டி வெளிச்சம் புகச் செய்வதும், நீர் தேங்காமல் வடிகால் வெட்டுவதும், டிரைக்கோடெர்மா என்னும் நன்மைசெய் பூஞ்சாணத்தை மண்ணில் இடுவதும் இக்காரணத்தாலேயே வற்புறுத்தப்படுகின்றன.

பாம்பாடும்பாறையில் 1956இலும், மயிலாடும்பாறையில் 1978இலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்தன. மண்ணில் உறங்கும் பைட்டோப்தோராவை மழைக்கு முன்பே கண்டறிய எளிய முறை ஒன்றை ஆய்வாளர் கையாள்கின்றனர். தோட்டத்து மண்ணைக் கிண்ணத்தில் இட்டு நீர் ஊற்றி, நோய்ப்படாத இளம் இலைத்துண்டுகளை அதில் மிதக்க விடுவர். மண்ணில் அவ்வுயிர் இருந்தால் அதன் சிதல் நீந்திவந்து இலையைப் பற்றும். இரண்டு மூன்று நாளில் இலை நிறம் மாறும். பின்னர் அதனை நுண்பெருக்கியில் நோக்கி உறுதிசெய்வர். மீனுக்குத் தூண்டில் இடுவது போல, நோய்க்கு இரை வைத்துப் பிடிக்கும் வழி இது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையோடு நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

இன்று வானிலைக் கருவிகள் மழையையும் ஈரப்பதத்தையும் தாமே குறிக்கின்றன. கைப்பேசியில் எடுத்த படம் நொடியில் ஆய்வாளரை அடைகிறது. வானத்துச் செயற்கைக்கோள் வயல்வெளிகளை அளக்கிறது. இவை யாவும் வேண்டியவையே. எனினும் ஏலம் மரநிழலில் வளர்வது. அதன் காய் இலைகளுக்கும் கீழே, மண்ணை ஒட்டிக் கிடப்பது. வானத்திலிருந்து நோக்கும் கண்ணுக்கு மரமே தெரியும், சரம் தெரியாது. 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருமழையின்போது இடுக்கி ஏலத்தோட்டங்களில் அழுகல் பெருகியது. அத்தகைய மழையில் தூருக்குத் தூர் குனிந்து இலையை விலக்கிப் பார்க்கவல்ல கருவி, அங்கே வேலைசெய்யும் பெண்ணின் கையும் கண்ணும்தாம்.

அக்கண்ணுக்குப் பயிற்சியும், அவ்வாய்ச்சொல்லுக்கு மதிப்பும் அளிப்பதே கண்காணிப்பின் முதற்படி என்று நான் கருதுகிறேன். மழைக்காலத்தில் வாரந்தோறும் குறித்த தூர்களைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஓடையோரம், பள்ளம், நிழல் அடர்ந்த மூலை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நாற்றம் எழும் வரை காத்திராமல், மஞ்சள் வளையத்தைத் தேட வேண்டும். கண்டவர் சொன்ன அன்றே தோட்டக்காரர் சென்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

இலங்கையில் நோயைக் கண்டவர் இருந்தனர். கண்டதை உடனே கருத்தில் கொண்டவர் இல்லை. எங்கள் தோட்டத்திலும் அவ்வாறே நடந்தது. அவ்வாண்டு ஐப்பசியில் பாட்டனார் அம்மூதாட்டியை அழைத்து, "அன்னைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கணும் ஆத்தா" என்றார். அடுத்த ஆண்டு முதல் பருவமழை தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து, நாள்தோறும் காலையில் அவர்கள் இருவரும் ஓடையோரம் நடந்து செல்வதைக் கண்டேன். அழுகல் பின்னரும் வந்தது. ஆனால் ஓடையைத் தாண்டி அது மேடேறியதாக எனக்கு நினைவில்லை.